பழைய சாயக் கன்ட்ரோலரின் வெப் பக்கம் குரோமில் திறக்கலை: டிஎல்எஸ் 1.0-ஐ எங்கே, எந்த அளவுக்குத் திறக்கலாம்?

சாயத்தொட்டி (திருப்பூர்)

வணக்கமுங்க. வீரபாண்டி பக்கம் ஒரு சாயப்பட்டறை. சாஃப்ட் ஃப்ளோ மிஷின் (துணிக்குச் சாயம் ஏற்றற மிஷின்) நாலுக்கும் பொதுவா ஒரு கன்ட்ரோலர். அதுக்குள்ளேயே வெப் பக்கம் இருக்குது. பேட்ச் நம்பர், டெம்பரேச்சர் ஏற்ற இறக்கம், டோசிங் நேரம் எல்லாம் அதில்தான் பார்க்கணும். இதுவரைக்கும் விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வழியா ஓடிட்டு இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு போயிருச்சு. புது கம்ப்யூட்டர் விண்டோஸ் 11.

குரோமில் ஐபி முகவரி அடிச்சா "வெர்ஷன் ஆர் சைஃபர் மிஸ்மேட்ச்" (மறையாக்கற முறை ஒத்துப்போகலை) என்று நிற்குது. "இருந்தாலும் உள்ளே போ" என்கிற இணைப்புகூட வரலை. எட்ஜிலும் அதே கதை. கன்ட்ரோலரில் போர்ட் 443 (எச்டிடிபிஎஸ்) மட்டும்தான் திறந்திருக்கு, 80 (எச்டிடிபி) மூடியிருக்கு. நெட்வொர்க் 192.168.10 வரிசை. ஃபர்ம்வேர் அப்டேட் இனி கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. என்ன செட்டிங்கைத் திறக்கணுமுங்க?

தறிச்சத்தம் (சோமனூர்)

இன்டர்நெட் ஆப்ஷன்ஸ் போங்க, அட்வான்ஸ்டு டேபில் கீழே வந்தா, இணைப்பை மறையாக்கிப் பூட்டற முறைகளான எஸ்எஸ்எல் 3.0, டிஎல்எஸ் 1.0, 1.1 எல்லாம் வரிசையா இருக்கும். எல்லாத்துக்கும் டிக் போட்டு, செக்யூரிட்டி லெவலையும் இறக்கி விட்டீங்கன்னா திறந்துடும்.

நொய்யல்கரை (திருப்பூர்)

தறிச்சத்தம் அண்ணா, அந்த டிக் குரோமுக்குப் போய்ச் சேராதுங்க. குரோமும் எட்ஜின் சாதாரண டேபும் தங்களுக்குள்ளேயே தனி டிஎல்எஸ் லைப்ரரி வெச்சிருக்குது. இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் போடுற டிக், எட்ஜின் ஐஇ மோடுக்கும் (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மாதிரி பக்கத்தைத் திறக்கிற வழி) விண்டோஸின் சொந்த இணைப்பு லைப்ரரியான வின்ஐநெட் வழியா வெளியே போகிற மற்ற புரோகிராம்களுக்கும் மட்டும்தான். ஆக, கன்ட்ரோலர் குரோமில் திறக்காது. அதே நேரம் அந்தக் கம்ப்யூட்டரில் சம்பந்தமே இல்லாத நாலு புரோகிராம் பலவீனமான இணைப்புக்கு ஒத்துக்கும். எஸ்எஸ்எல் 3.0-ஐத் தொடவே வேண்டாம். 2014-இல் அதை உடைக்கிற பூடில் தாக்குதல் வந்தது, 2015-இல் அதைப் பயன்படுத்தவே கூடாதுன்னு ஆர்எஃப்சி 7568 என்கிற இணையத் தர ஆவணம் வந்துடுச்சு.

ஏன் திறக்கலைன்னு சொல்லிடறேன். டிஎல்எஸ் 1.0 வந்தது 1999-இல், 1.1 2006-இல், 1.2 2008-இல், 1.3 2018-இல். முதல் இரண்டையும் 2021 மார்ச்சில் ஆர்எஃப்சி 8996 முறைப்படி ஒதுக்கிடுச்சு. பிரவுசர்கள் அதுக்கு முன்னாடியே, 2020 நடுவில் குரோம் 84-இலும் ஃபயர்ஃபாக்ஸ் 78-இலும் வழக்கமான நிலையில் நிறுத்திட்டாங்க. குரோமில் பாலிசி போட்டுத் திரும்பத் திறக்கிற வழி கொஞ்ச நாள் இருந்தது. பதிப்பு 91-இல் அதுவும் போயிடுச்சு. அதனால குரோமில் ஃப்ளாக் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸில் வழி இருக்குது.

எதையும் திறக்கறதுக்கு முன்னாடி கன்ட்ரோலர் எதைத்தான் பேசுதுன்னு பாருங்க. என்மேப் (நெட்வொர்க்கைச் சோதிக்கிற புரோகிராம்) போட்டு, அதிலுள்ள எஸ்எஸ்எல்-ஈனம்-சைஃபர்ஸ் என்கிற ஸ்கிரிப்டை கன்ட்ரோலர் ஐபி, போர்ட் 443-க்கு ஓட்டுங்க. எந்த வெர்ஷன், எந்தச் சைஃபர்னு பட்டியலே கொடுத்துடும். அதை இங்கே போடுங்க.

சாயத்தொட்டி

ஓட்டிப் பார்த்தாச்சுங்க. டிஎல்எஸ் 1.0 ஒன்றுதான். சைஃபர் இரண்டு: ஏஇஎஸ் 128 சிபிசி, ட்ரிபிள் டிஇஎஸ். சர்டிஃபிகேட் ஆர்எஸ்ஏ 1024 பிட், ஷா-1, காலாவதியும் ஆயிருக்கு.

நொய்யல்கரை

நல்லதாப் போச்சு. ஆர்சி4 என்கிற பழைய சைஃபர் மட்டும்னு வந்திருந்தா இன்றைய ஃபயர்ஃபாக்ஸாலும் முடியாது. ஏஇஎஸ் 128 இருக்கிறதால வேலை ஆகும்.

ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் பார்க்கணும்னா இப்படிச் செய்யுங்க. ஃபயர்ஃபாக்ஸில் அபவுட்:ப்ரொஃபைல்ஸ் போய்ப் புது ப்ரொஃபைல் ஒன்று உருவாக்குங்க. பேர் "சாயம்"னு ஆங்கில எழுத்தில் வெச்சுக்குங்க. தினசரி ப்ரொஃபைலில் இதைச் செய்யவே கூடாது, அங்கேதான் பேங்க் வேலை நடக்கும். புது ப்ரொஃபைலில் அபவுட்:கான்ஃபிக் திறந்து "செக்யூரிட்டி.டிஎல்எஸ்.வெர்ஷன்.மின்" தேடுங்க. அதில் 3 இருக்கும், அது டிஎல்எஸ் 1.2. அதை 1 ஆக்கினா 1.0 வரைக்கும் இறங்கும். 2 போட்டா 1.1 வரைக்கும்தான், உங்களுக்குப் பத்தாது. "வெர்ஷன்.மேக்ஸ்" பக்கம் போகாதீங்க. நிறைய பேர் அதையும் 1-க்கு இறக்கி வெச்சுட்டு, வேற எந்தத் தளமும் திறக்கலைன்னு கேட்கறாங்க.

ட்ரிபிள் டிஇஎஸ் மட்டும் இருக்கிற சாதனம் வெச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை: ஃபயர்ஃபாக்ஸ் 93-லிருந்து அது வழக்கத்தில் மூடியிருக்கும். பழைய டிஎல்எஸ்ஸைத் திறந்தாத்தான் அதுவும் கூடவே திறக்கும். இதே மின் மாற்றமே போதும்.

இப்போ முக்கியமானது. இந்த ப்ரொஃபைல் வெளியே இன்டர்நெட் பக்கம் போகவே கூடாது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் "மேனுவல் ப்ராக்ஸி" தேர்வு பண்ணுங்க. எச்டிடிபி ப்ராக்ஸி 127.0.0.1, போர்ட் 9. எச்டிடிபிஎஸ்ஸுக்கும் இதையே பயன்படுத்துங்கற கட்டத்தில் டிக். கீழே "நோ ப்ராக்ஸி ஃபார்" கட்டத்தில் கன்ட்ரோலர் ஐபியை மட்டும் எழுதுங்க. போர்ட் 9-இல் யாரும் காத்திருக்க மாட்டாங்க, அதனால வேற எந்த முகவரி அடிச்சாலும் "ப்ராக்ஸி மறுக்கிறது"னு நின்னுடும். ஷிஃப்ட் ஆள் இதே ஜன்னலில் மெயில் திறக்கப் பார்த்தாலும் திறக்காது. அதுதான் நமக்கு வேணும்.

டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் வெச்சு, டார்கெட் வரியின் கடைசியில் இடைவெளி விட்டு ஹைஃபன், பெரிய பி, ப்ரொஃபைல் பேர் என்று சேர்த்துட்டா நேரா அதுவே திறக்கும். சர்டிஃபிகேட் எச்சரிக்கை ஒருதரம் வரும். அட்வான்ஸ்டு அழுத்தி விதிவிலக்கு கொடுத்துக்குங்க.

பெருந்துறை பேனல்

இதோட ஒன்று சேர்த்துக்குங்க. பழைய கன்ட்ரோலர்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இணைப்புதான் தாங்கும். ஃபயர்ஃபாக்ஸ் ஒரு சர்வருக்கு ஆறு இணைப்பு வரைக்கும் திறக்கும். அப்போ பக்கம் பாதி வந்து நிற்கும், கிராஃப் படம் வராது, சில நேரம் கன்ட்ரோலரின் நெட்வொர்க் பகுதியே தொங்கிடும், பவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும். பேட்ச் ஓடிட்டு இருக்கும்போது அப்படி ஆனா எவ்வளவு துணி வீணாகும்னு உங்களுக்கே தெரியும். அதே சாயம் ப்ரொஃபைலில் "நெட்வொர்க்.எச்டிடிபி.மேக்ஸ்-பெர்சிஸ்டென்ட்-கனெக்‌ஷன்ஸ்-பெர்-சர்வர்" என்பது 6 இருக்கும், 2 ஆக்குங்க. பக்கம் கொஞ்சம் மெதுவா வரும், ஆனா முழுசா வரும்.

சர்டிஃபிகேட் தேதி பற்றியும் சொல்லணும். சில கன்ட்ரோலர் ஒவ்வொரு தரம் ஆன் ஆகும்போதும் சர்டிஃபிகேட்டைப் புதுசா உண்டாக்கும். உள்ளே இருக்கிற சிஆர்2032 பேட்டரி செத்திருந்தா கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிப்போய், பிறக்கும்போதே காலாவதியான சர்டிஃபிகேட்டா வரும். விதிவிலக்கு கொடுத்தும் மறுநாள் திரும்ப எச்சரிக்கை வந்ததுன்னா பிரவுசரைத் திட்டாதீங்க, பேட்டரியை மாற்றுங்க.

அந்தக் கிராஃப் ஆக்டிவ்எக்ஸா, ஜாவா ஆப்லெட்டா? (இரண்டுமே பக்கத்துக்குள்ளே ஓடற பழைய காலச் சின்னப் புரோகிராம்.) அதையும் பாருங்க. ஃபயர்ஃபாக்ஸ் ஆக்டிவ்எக்ஸை ஓட்டாது. ஆப்லெட் ஓட்டின பழைய ப்ளக்இன் வழியும் 2017 மார்ச்சில் பதிப்பு 52-ஓட போயிடுச்சு.

சாயத்தொட்டி

ஃபயர்ஃபாக்ஸில் உள்ளே போயாச்சுங்க! லாகின், பேட்ச் பட்டியல் எல்லாம் வருது. கிராஃப் இருக்கிற இடம் மட்டும் வெள்ளையா இருக்கு. பக்கத்தின் சோர்ஸில் "கிளாஸ் ஐடி"ன்னு ஒரு ஆப்ஜெக்ட் வரி தெரியுது.

பெருந்துறை பேனல்

கிளாஸ் ஐடி இருந்தா ஆக்டிவ்எக்ஸ்தான். அதுக்கு எட்ஜின் ஐஇ மோடு ஒன்றுதான் வழி. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 2022 ஜூன் 15-ஓட ஓய்வு பெற்றாலும், ஐஇ மோடு குறைந்தது 2029 வரைக்கும் இருக்கும்னு மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்குது.

எட்ஜ் செட்டிங்ஸில் "டிஃபால்ட் பிரவுசர்" பகுதி. அங்கே ஐஇ மோடில் தளங்களைத் திரும்பத் திறக்க அனுமதிப்பதை "அலோ" ஆக்கி, எட்ஜை மூடித் திறந்து, அதுக்குக் கீழே ஐஇ மோடு பக்கங்களில் கன்ட்ரோலர் முகவரியைச் சேர்க்கணும். அப்படிச் சேர்த்தது 30 நாள்தான் நிற்கும். 31-ஆம் நாள் திரும்ப வெள்ளைக் கட்டம் வரும், நைட் ஷிஃப்டில் ஃபோன் அடிக்கும்.

நிலையா வேணும்னா க்ரூப் பாலிசி வழிதான். எக்ஸ்எம்எல் ஃபைல் ஒன்றில் தளப் பட்டியல்: ஒவ்வொரு தளத்துக்கும் முகவரி, அதுக்குள்ளே "ஓப்பன்-இன்" ஐஇ11. எச்டிடிபிஎஸ் என்கிற முன்பகுதியை முகவரியில் எழுதக் கூடாது, வெறும் ஐபி மட்டும். இந்தத் தப்பைத்தான் அதிகம் பேர் பண்றாங்க. பாலிசியில் "இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இன்டெக்ரேஷன் லெவல்" ஐஇ மோடு, "சைட் லிஸ்ட்" அந்த ஃபைலின் பாதை. பட்டியலை மாற்றினா உள்ளே இருக்கிற பதிப்பு எண்ணையும் ஒன்று கூட்டுங்க, இல்லைன்னா எட்ஜ் பழைய பட்டியலையே பிடிச்சுட்டு இருக்கும். எட்ஜ்:காம்பேட் பக்கத்தில் "ஃபோர்ஸ் அப்டேட்" அழுத்தினா உடனே தெரிஞ்சுடும்.

ஐஇ மோடில் டிஎல்எஸ் 1.0 வேணும்னா அப்போதான் தறிச்சத்தம் சொன்ன டிக் உதவும். 1.0 ஒன்றுக்கு மட்டும் போடுங்க. ஐபியை ட்ரஸ்டட் சைட்ஸில் சேர்த்து, ஆக்டிவ்எக்ஸ் அனுமதியை அந்த ஜோனுக்கு மட்டும் கொடுங்க. இன்டர்நெட் ஜோனைத் தொட வேண்டாம்.

நொய்யல்கரை

பேனல் சொல்றது சரி. ஐஇ மோடை அந்த ஒரு ஐபியைத் தாண்டி விடாதீங்கன்னு அழுத்தியே சொல்றேன். 2025 ஆகஸ்டில் ஆட்களை ஏமாற்றி ஐஇ மோடில் பக்கத்தைத் திறக்க வைத்து நடந்த தாக்குதல் தெரிஞ்ச பிறகு, மைக்ரோசாஃப்ட் டூல்பார் பட்டனையும் மெனு வழிகளையும் எடுத்துடுச்சு. பாலிசி வழியா நிர்வகிக்கிற கம்ப்யூட்டருக்கு அந்த மாற்றம் இல்லை. பாலிசிப் பட்டியல் நல்லதுங்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு கேள்வி. இந்தப் பக்கத்தை எத்தனை கம்ப்யூட்டரில் பார்க்கணும்?

சாயத்தொட்டி

கிராஃபைச் சோதனைக்கூடத்து (லேப்) கம்ப்யூட்டர் ஒன்றில் பார்த்தா போதும். பேட்ச் பட்டியல் மட்டும் ஆபீஸில் ஆறு பேருக்கு வேணும்.

நொய்யல்கரை

ஆறு பேருக்கு ஆறு கம்ப்யூட்டரிலும் பூட்டைத் தளர்த்தறது வேண்டாத வேலை. நடுவில் நின்னு இரண்டு பக்கமும் பேசற ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸி வையுங்க. இரண்டு நெட்வொர்க் போர்ட் இருக்கிற மினி பிசி ஒன்று, லினக்ஸ், அதில் எஞ்சின்எக்ஸ் என்கிற வெப் சர்வர். ஒரு போர்ட்டிலிருந்து கன்ட்ரோலருக்கு நேர் வயர், இன்னொன்று ஆபீஸ் ஸ்விட்சுக்கு. ஆபீஸ் பக்கம் டிஎல்எஸ் 1.2, 1.3 பேசும்; கன்ட்ரோலர் பக்கம் மட்டும் 1.0 பேசும். பிரவுசரில் எந்தச் செட்டிங்கும் மாற்ற வேண்டியதில்லை, குரோமே போதும். பலவீனமான பேச்சு ஒரு மீட்டர் வயருக்குள்ளேயே முடிஞ்சுடும்.

எஞ்சின்எக்ஸில் "ப்ராக்ஸி எஸ்எஸ்எல் ப்ரோட்டோகால்ஸ்" டிஎல்எஸ்வி1 என்று போட்டா மட்டும் ஆகாது. எஞ்சின்எக்ஸ் பயன்படுத்தற டிஎல்எஸ் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் 3 வந்த பிறகு வழக்கமான செக்யூரிட்டி லெவலில் 1.0 கைகுலுக்கலே நடக்காது, ஏன்னா அதுக்கு ஷா-1 கையெழுத்து வேணும். "ப்ராக்ஸி எஸ்எஸ்எல் சைஃபர்ஸ்" வரியில் டிஃபால்ட் என்று எழுதி, அட் குறி போட்டு, செக்லெவல் சமம் 0 என்று சேர்க்கணும். இதைச் சேர்க்காம 502 எரர் வருதுன்னு ராத்திரி முழுக்க ஃபயர்வாலில் தேடறவங்க உண்டு. எரர் லாகில் "அன்சப்போர்ட்டட் ப்ரோட்டோகால்" அல்லது "நோ ப்ரோட்டோகால்ஸ் அவைலபிள்"னு இருந்தா இதுதான் காரணம்.

சாயத்தொட்டி

மினி பிசியில் செஞ்சாச்சுங்க, லாகின் பக்கம் குரோமில் வருது. பாஸ்வேர்டு கொடுத்ததும் முகவரி கன்ட்ரோலரின் ஐபிக்குத் தாவி, பழைய எரரே வருது.

நொய்யல்கரை

லாகின் முடிஞ்சதும் கன்ட்ரோலர் தன் ஐபியையே முழு முகவரியா எழுதி ரீடைரக்ட் பண்ணுது. "ப்ராக்ஸி ரீடைரக்ட்" வரியில் இடது பக்கம் கன்ட்ரோலரின் எச்டிடிபிஎஸ் முகவரி, வலது பக்கம் வெறும் சாய்கோடு. அதுக்கும் அடங்கலைன்னா எச்டிஎம்எல்லுக்குள்ளேயே ஐபி எழுதியிருக்கும், "சப் ஃபில்டர்" வெச்சு மாற்றணும்.

காங்கயம் களம்

இதே இழையில் ஒரு கேள்வி கேட்டுக்கறேனுங்க. தேங்காய்ப் பருப்புக் களத்தில் எடைமேடை. எடை காட்டற இண்டிகேட்டரின் ஆர்எஸ்232 (சீரியல்) வயரை யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியா கம்ப்யூட்டரில் போட்டு, குரோமில் வெப் சீரியல் (சீரியல் வயரைப் பிரவுசரே நேரா படிக்கிற வசதி) மூலமா எடையை நேரா பில் பக்கத்துக்குக் கொண்டு வரணும். எழுதினவர் லேப்டாப்பில் வருது. களத்துக் கம்ப்யூட்டரில் "கனெக்ட்" பட்டனே வேலை செய்யலை. பக்கம் ஓடறது ஆபீஸ் சர்வரில், 192.168.1.5, போர்ட் 8080.

பெருந்துறை பேனல்

எழுதினவர் லோக்கல்ஹோஸ்டில் ஓட்டியிருப்பாருங்க. வெப் சீரியல் குரோம் 89, எட்ஜ் 89 முதல் இருக்குது, ஆனா பாதுகாப்பான பக்கத்தில் மட்டும்தான் கிடைக்கும். எச்டிடிபிஎஸ் அல்லது லோக்கல்ஹோஸ்ட். வெறும் எச்டிடிபியில் 192.168 என்று வந்தா அந்த வசதி இருக்கிறதையே பிரவுசர் மறைச்சுடும். கேமரா, மைக் எல்லாத்துக்கும் இதே கட்டளைதான்.

அவசரத்துக்குக் குரோம் ஃப்ளாக்ஸில் "இன்செக்யூர் ஆரிஜின்ஸ் ட்ரீட்டட் ஆஸ் செக்யூர்" என்பதில் முகவரியை போர்ட்டோட முழுசா எழுதி, எனேபிள் பண்ணி, ரீலாஞ்ச். போர்ட் 8080-ஐ விட்டுட்டா வேலை செய்யாது. நிரந்தரத்துக்கு எம்கேசெர்ட் என்கிற புரோகிராம் வெச்சு உள்ளூர் சர்டிஃபிகேட் போடுங்க. உருவாக்கும்போதே அந்த ஐபியைக் கொடுக்கணும், ஏன்னா குரோம் 58-லிருந்து காமன் நேமைப் பார்க்கறதில்லை, மாற்றுப் பெயர்ப் பட்டியலை மட்டும்தான் பார்க்கும். அதோட ரூட் சர்டிஃபிகேட்டைக் களத்துக் கம்ப்யூட்டரிலும் ஏற்றணும். ரூட்டின் தனிச்சாவி ஃபைலை மட்டும் யாருக்கும் கொடுத்துடாதீங்க.

அப்புறம் வரப்போகிற தொல்லைகள். ஒரு காம் (சீரியல்) போர்ட்டை ஒரு புரோகிராம்தான் பிடிக்க முடியும். பழைய எடை சாஃப்ட்வேர் பின்னாடி ஓடிட்டு இருந்தா பிரவுசரில் "போர்ட் திறக்க முடியவில்லை"ன்னு வரும். சிஎச்340 சிப் போட்ட கன்வெர்ட்டரில் பெரும்பாலும் தனிச் சீரியல் எண் கிடையாது. எந்த யுஎஸ்பி துளையில் செருகினீங்களோ அதை வெச்சுத்தான் விண்டோஸ் அடையாளம் பிடிக்கும். களம் கூட்டுறப்ப பிடுங்கி வேற துளையில் செருகினா காம் எண் மாறும், கொடுத்த அனுமதியும் போகும். துளைக்கு மேலே பெயிண்ட்டில் ஒரு குறி போட்டு வெச்சுடுங்க. அனுமதியையே கேட்க வேண்டாம்னா "சீரியல் அலோ யுஎஸ்பி டிவைசஸ் ஃபார் யுஆர்எல்ஸ்" பாலிசி. அதில் வெண்டர் 6790, ப்ராடக்ட் 29987. டிவைஸ் மேனேஜரில் 1ஏ86, 7523 என்று இருக்கிறதுதான் பதின்ம எண்ணில் இப்படி வரும்.

எடை தப்பா ஏறுதுன்னு அடுத்து கேட்பீங்க. 48.35 என்று ஒரே வரியா இண்டிகேட்டர் அனுப்பினாலும், பிரவுசருக்கு "4" ஒரு துண்டு, "8.35" ஒரு துண்டுன்னு வரலாம். வந்த துண்டை அப்படியே எடுத்தா நாலு கிலோ மூட்டைன்னு பில் ஆகிடும். வரி முடிவுக் குறி வர்ற வரைக்கும் சேர்த்து வெச்சு, அப்புறம்தான் படிக்கணும். பல இண்டிகேட்டர் வரியின் தொடக்கத்தில் எஸ்டி, யூஎஸ் என்று அனுப்பும். எஸ்டி வந்தா எடை நின்னுடுச்சு, யூஎஸ் வந்தா இன்னும் ஆடுது. எஸ்டி வந்த வரியை மட்டும் பில்லுக்கு விடுங்க. மூட்டை இறக்கற ஆள் மேடையில் கால் வெச்சிருக்கும்போது வர்ற எடை விவசாயிக்கும் நஷ்டம், வியாபாரிக்கும் நஷ்டம்.

தறிச்சத்தம்

டிக் விஷயம் புரிஞ்சதுங்க, பழைய வேலையைப் போய்த் திருப்பி எடுத்துடறேன். எஞ்சின்எக்ஸ் பேச்சு வந்ததால கேட்கறேன்: எங்க ஆர்டர் தளத்தில் எச்டிடிபி 3 போட்டாச்சு, கான்ஃபிகில் எரர் இல்லை, குரோமில் இன்னும் எச்2 (எச்டிடிபி 2) என்றுதான் காட்டுது.

நொய்யல்கரை

எச்டிடிபி 3 க்விக் என்கிற இணைப்பு முறை மேலே ஓடறது, க்விக் யுடிபியில் ஓடறது. சர்வரின் ஃபயர்வாலிலும் க்ளவுட் பேனலிலும் 443 டிசிபி மட்டும் திறந்திருக்கும். 443 யுடிபியையும் திறக்கணும். பத்துக்கு எட்டு தரம் இதுதான். எஞ்சின்எக்ஸ் 1.25 அல்லது அதுக்கு மேலே இருக்கணும், டிஎல்எஸ் 1.3 திறந்திருக்கணும், ஆல்ட்-எஸ்விசி ஹெடரும் போகணும். அந்த ஹெடரைப் பார்த்த பிறகுதான் பிரவுசர் எச்3-க்கு மாறும், அதனால முதல் தரம் எச்2 காட்டுறது இயல்பு. டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பட்டையின் தலைப்பில் ரைட் க்ளிக் பண்ணி "ப்ரோட்டோகால்" காலத்தை எடுத்துட்டு இரண்டு மூன்று தரம் ரீலோட் பண்ணிப் பாருங்க.

எம்கேசெர்ட் சர்டிஃபிகேட் வெச்சு ஆபீஸுக்குள்ளே சோதிக்கறீங்கன்னா குரோமில் எச்3 வராது. நாமே ஏற்றின ரூட்டுக்குக் குரோம் வழக்கத்தில் க்விக்கை அனுமதிக்கறதில்லை. வெளியே செல்லுபடியாகிற சர்டிஃபிகேட்டோட பாருங்க.

சாயத்தொட்டி

ப்ராக்ஸி ரீடைரக்ட் போட்டதும் சரியாயிடுச்சுங்க, ஆறு பேருக்கும் குரோமில் வருது. லேப் கம்ப்யூட்டரில் ஐஇ மோடு, பாலிசிப் பட்டியலில் அந்த ஒரு ஐபி. கன்ட்ரோலர் வயர் இப்போ மினி பிசிக்கு மட்டும் போகுது, அதனால லேப்புக்கு எட்டலை. ஸ்விட்சில் திரும்பப் போடட்டுமா?

நொய்யல்கரை

வேண்டாம் தம்பி. லேப் கம்ப்யூட்டருக்கு ஒரு யுஎஸ்பி லேன் கார்டு வாங்கி, சின்ன ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்றைக் கன்ட்ரோலர் பக்கம் தனியா வையுங்க. கன்ட்ரோலர், மினி பிசி, லேப் கம்ப்யூட்டர் மூன்றும் அதில். கன்ட்ரோலர் இருக்கிற அந்த நெட்வொர்க்குக்கு 192.168.20 வரிசை கொடுத்துடுங்க. இரண்டு கார்டும் 192.168.10 வரிசையிலேயே இருந்தா எந்த வயரில் போறதுன்னு விண்டோஸ் குழம்பும். அந்த யுஎஸ்பி லேன் கார்டில் கேட்வே கட்டத்தைக் காலியா விடணும், அதில் எண் போட்டுட்டா இன்டர்நெட் நின்னுடும். கன்ட்ரோலர் ஐபி மாறினதும் எஞ்சின்எக்ஸ், எக்ஸ்எம்எல் பட்டியல், ட்ரஸ்டட் சைட்ஸ் மூன்று இடத்திலும் மாற்றி, பட்டியலின் பதிப்பு எண்ணை ஒன்று கூட்டிடுங்க.